பதினோராவது பெயர்

‘லப்பர் பந்து’ 2024 செப்டம்பரில் வந்தபோது எல்லாரும் இரண்டு பேரைப் பற்றித்தான் பேசினார்கள். மட்டையைச் சுழற்றுகிற கெத்து, பந்து வீசுகிற அன்பு. மாமனார் மருமகன் ஆகப்போகிற இருவருக்கும் நடுவே ஒரு வீம்பு. ‘அட்டகத்தி’ தினேஷும் ஹரிஷ் கல்யாணும் பிரமாதமாகச் செய்திருந்தார்கள், அதில் எனக்கு மறுப்பே இல்லை. ஆனால் நான் படம் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது மூன்றாவது ஒரு ஆளை. காளி வெங்கட் நடித்த கருப்பையா. ஜாலி ஃப்ரெண்ட்ஸ் அணியின் கேப்டன்.

இந்தப் படத்தில் ‘கேப்டன்’ என்றாலே விசில் பறப்பது விஜயகாந்துக்கு. கெத்து அவருடைய ரசிகன். ‘பொன்மனச் செல்வன்’ படத்துப் பாட்டு ஸ்பீக்கரில் வந்தால் அவன் மட்டையோடு இறங்குகிறான் என்று அர்த்தம். கருப்பையாவுக்கு அப்படிப் பாட்டு எதுவும் கிடையாது. அது நியாயம்தான், கீழ்மட்ட கிரிக்கெட்டில் கேப்டனுக்கு எவனும் பாட்டுப் போடுவதில்லை. என் வருத்தம் வேறு. ஓர் ஊர் டீமில் யாரைச் சேர்ப்பது, யாரை வெளியே நிறுத்துவது என்பதுதான் இந்தப் படம் எழுப்புகிற கேள்வி. அதற்குப் பதில் சொல்ல வேண்டிய ஆள் கேப்டன். படமோ பதில் சொல்லும் பொறுப்பைப் பந்து வீசுகிறவனின் தோளில் ஏற்றிவிடுகிறது.

போன சீசன் முழுக்க நானும் ஒரு டீமுக்குக் கேப்டனாக இருந்தேன். இந்தக் கட்டுரை அந்தக் கண்ணோடுதான் எழுதப்படுகிறது, முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கருங்குழி என்றால், “வள்ளலார் தண்ணியில விளக்கெரிச்ச ஊரா?” என்று கேட்பார்கள். அது வடலூர் பக்கம். இது செங்கல்பட்டிலிருந்து பாலாற்றைத் தாண்டி வந்தால் மதுராந்தகத்துக்கு முன்னால், ஜி.எஸ்.டி. சாலை ஓரமாக வரும் கருங்குழி. எங்கள் சீசன் பஞ்சாங்கத்தில் இருக்காது, வயலில் இருக்கும். பொங்கல் கழிந்து சம்பா அறுப்பு முடிந்து, அடுத்த பட்டம் வைக்காத கட்டாந்தரை எங்காவது கிடைத்தால் ஆரம்பம். சித்திரை வெயிலில் ஏரி உள்வாய் காய்ந்துவிட்டால் இன்னும் பெரிய கிரவுண்டு. மழை வந்தால் கதை முடிந்தது. டென்னிஸ் பந்து, பத்து ஓவர், ஞாயிற்றுக்கிழமை.

இதில் கேப்டனுக்கு என்ன வேலை? ஃபீல்டிங் நிறுத்துவது, பவுலரை மாற்றுவது எல்லாம் பத்து சதவீதம்கூட இல்லை. மீதி எல்லாம் சனிக்கிழமை ராத்திரியே நடந்து முடிந்துவிடும். பையன்கள் மறைமலை நகரிலும் மகேந்திரா சிட்டியிலும் ஒரகடத்திலும் வேலை பார்க்கிறார்கள். ஒருத்தனுக்கு ஃபர்ஸ்ட் ஷிப்ட், ஒருத்தனுக்கு நைட், ஒருத்தனுக்கு ‘ஓ.டி. வந்தா போயிடுவேண்ணா’. நான் சம்பளத்துக்குச் செய்கிற வேலையே சர்வர்களுக்கு வேலை பிரித்துக் கொடுக்கிற மென்பொருள் எழுதுவதுதான். அது எவ்வளவோ தேவலை. சர்வர்களுக்கு மச்சினிச்சி கல்யாணம் வராது. பதினோரு பேர் சேர்ந்ததும் என்ட்ரி ஃபீஸ், பந்து, தண்ணீர் கேன், மத்தியானச் சாப்பாடு. யாரிடம் வசூலிப்பது, யாரிடம் கேட்கக்கூடாது என்பதெல்லாம் தலைக்குள் ஒரு கணக்காக ஓடிக்கொண்டே இருக்கும்.

அதைவிட முக்கியமான ஒன்று ஆட்டத்தின் அமைப்பிலேயே இருக்கிறது. பத்து ஓவர் ஆட்டத்தில் ஆளுக்கு இரண்டு ஓவர் என்றால் பந்து வீச ஐந்து பேர் போதும். மட்டை பிடிக்க நாலைந்து பேருக்குத்தான் வாய்ப்பு வரும், அதிலும் பாதிப் பேர் ஏற்கெனவே பந்து வீசுகிறவர்கள். ஆக ஒவ்வொரு டீமிலும் மூன்று நான்கு பேர் வெயிலில் நிற்பதற்காக மட்டும் வருகிறார்கள். வாரத்தில் கிடைக்கிற ஒரே ஓய்வு நாளைத் தருகிறார்கள், பதிலுக்கு அவர்களுக்குக் கிடைப்பது லாங் ஆஃபில் ஒரு கருவேல நிழல். அதுவும் அதிர்ஷ்டம் இருந்தால். கேப்டனின் அரசியல் முழுக்க இந்த மூன்று நான்கு பேரைச் சுற்றித்தான். முதல் ஏழு பெயரை ஆட்டமே எழுதிக் கொடுத்துவிடும். கடைசி நாலு பெயரை நாம்தான் எழுத வேண்டும். அங்கேதான் சொந்தம், தெரு, கடன், நன்றி, சாதி எல்லாம் கையெழுத்துப் போட வரும்.

கேப்டன் ஆனதும் எல்லா இன்ஜினியர்களையும்போல நானும் மேனுவல் தேடினேன். கிடைத்தது மைக் பிரேர்லியின் ‘தி ஆர்ட் ஆஃப் கேப்டன்சி’, 1985ல் வந்த புத்தகம். பிரேர்லி 39 டெஸ்ட் ஆடி ஒரு சதம்கூட அடிக்காதவர், சராசரி 23க்கும் கீழே. ஆனால் கேப்டனாக இருந்த 31 டெஸ்டில் 18 வெற்றி, 4 தோல்வி மட்டுமே. 1981 ஆஷஸில் போத்தம் கேப்டன் பதவியை விட்டதும் இவரைத் திரும்பக் கூப்பிட்டார்கள். ஹெடிங்லியில் ஃபாலோ ஆன் வாங்கிய இங்கிலாந்து, போத்தம் அடித்த 149லும் வில்லிஸ் எடுத்த எட்டு விக்கெட்டிலும் மீண்டு வந்து 18 ரன்னில் ஜெயித்தது. பின்னாளில் மனப்பகுப்பாய்வாளர் ஆன மனிதர் அவர். யாரைச் சீண்டினால் எழும்புவான், யாரைத் தட்டிக்கொடுத்தால் எழும்புவான் என்று அவர் பிரித்துச் சொல்லும் இடங்கள் எனக்கு நிஜமாகவே உதவின. ஆனால் பிரேர்லியின் புத்தகத்தில் பதினோரு பேர் வந்துவிடுகிறார்கள். அவர் அங்கிருந்து ஆரம்பிக்கிறார், நாங்கள் அங்கே போய்ச் சேருவதற்குள் டாஸ் போட்டுவிடுவார்கள்.

இப்போது ‘லப்பர் பந்து’. முதலில் அதன் பலம். தமிழரசன் பச்சமுத்துவுக்கு இந்த ஆட்டம் தெரியும், படம் பார்த்துவிட்டு எழுதிய படம் இல்லை. கெத்துக்கு எந்தப் பந்து ஆகாது என்று அன்பு சொல்லிவிடுகிற ஒரு வார்த்தையில் பகை முளைக்கிறதே, அது எவ்வளவு உண்மை! எங்கள் பக்கம் கெட்ட வார்த்தையில் திட்டினால் மறந்துவிடுவார்கள். ‘உனக்கு லெக் சைடு தவிர எதுவும் தெரியாது’ என்று சொன்னால் பங்காளிச் சண்டைபோலத் தலைமுறைக்கும் நிற்கும். யசோதை டிராக்டரை ஓட்டிவந்து பிட்சை உழுதுபோடுகிற இடம் இன்னொன்று. சிரிப்பாக வந்து நிற்கிற காட்சி, ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளின் செலவை யார் கட்டுகிறார்கள் என்பதை ஒரே ஓட்டில் சொல்லிவிடுகிறது. ஸ்வாசிகாவின் முகத்தை நான் மறக்கவில்லை.

எல்லாவற்றையும்விட, ‘கெஸ்ட்’ என்ற ஒரு வார்த்தையை அந்தப் படம் பிடித்துக்கொண்ட விதம். சிறுவனாக இருக்கும்போதே அன்புக்கு ஜாலி ஃப்ரெண்ட்ஸில் இடம் மறுக்கப்படுகிறது. காரணம் சாதி. அதற்கப்புறம் அவன் கிடைத்த டீமுக்கெல்லாம் கெஸ்டாக ஆடியே வளர்கிறான். வெளியூர்க்காரர்களுக்கு இது புரியாமல் போகலாம், ஆகவே ஒரு விளக்கம். டோர்னமென்டில் ஆள் போதாவிட்டால், அல்லது கப் அடிக்கும் ஆசை வந்துவிட்டால், பக்கத்து ஊர் நல்ல பிளேயர் ஒருத்தனைக் கூப்பிடுவார்கள். பெட்ரோல் காசு, பிரியாணி, ஆட்ட நாயகன் விருது வந்தால் அதுவும் அவனுக்கே. ராஜ மரியாதைதான். ஆனால் விருந்தாளிக்கு இலைதான் போடுவார்கள், வீட்டுச் சாவியைக் கொடுக்க மாட்டார்கள். அடுத்த ஞாயிறு அவனைக் கூப்பிடுவார்களா என்று அவனுக்குத் தெரியாது. கெஸ்ட் மோசமாக ஆடினால் அதோடு சரி. ஊர்க்காரன் மோசமாக ஆடினால் அடுத்த வாரமும் ஆடுவான்.

படம் இங்கே வந்து நிற்கிறது, சரியான இடத்தில். ஆனால் இங்கிருந்து எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதில்தான் எனக்குத் தகராறு. கருப்பையாவுக்கு மனசு இருக்கிறது, டீமுக்குள் இருக்கிற எதிர்ப்பை மீற வழியில்லை. வருஷங்கள் கழித்து அன்பு உள்ளே வருகிறான். எப்படி? அவனை விட்டால் ஜெயிக்க முடியாது என்ற அளவுக்கு வளர்ந்ததால். அதாவது அவன் டீமுக்கு வரும்போது கருப்பையா செய்ய வேண்டிய தியாகம் பாதியாகக் குறைந்துவிடுகிறது. நல்ல பவுலரைச் சேர்க்கக் கேப்டனுக்குக் கொஞ்சம் கணக்கு தெரிந்தால் போதும், பெரிய அறம் எதுவும் வேண்டாம். எதிர்க்கிறவன் வாயை அடைக்க ஸ்கோர் புத்தகம் இருக்கிறது.

இது இந்தப் படத்தின் தனிப் பழக்கம் இல்லை. ‘லகான்’ (2001) ஞாபகம் இருக்கும். அங்கே நாயகனே கேப்டன். தீண்டாமைக்கு ஆளான கச்ராவைப் புவன் டீமில் சேர்க்கிறான், ஊரே எதிர்க்கிறது, புவன் எல்லாரையும் எதிர்த்துப் பேசுகிறான், கண்ணில் தண்ணீர் வருகிறது. எனக்கும் வந்தது. ஆனால் கச்ரா ஏன் சேர்க்கப்படுகிறான்? அவனுடைய ஊனமான கையிலிருந்து பந்து திரும்புகிறது. திரும்பாவிட்டால்? அவன் எல்லைக்கோட்டுக்கு வெளியே ஓடும் பந்தைப் பொறுக்கிப் போடுகிறவனாகவே இருந்திருப்பான், புவனுக்கு அந்தப் பேச்சைப் பேச வேண்டிய அவசியமும் வந்திருக்காது. சுசீந்திரனின் ‘ஜீவா’ (2014) சென்னை கிளப் கிரிக்கெட்டில் சமூகப் பாகுபாட்டைத் தைரியமாகத் தொட்ட படம். அதுவும் திறமைசாலிக்கு இழைக்கப்படும் அநீதி என்ற வாசலையே பயன்படுத்துகிறது. ‘கனா’வும் அப்படியே.

நிஜத்தில் இந்த வாசல் எவ்வளவு தூரம் திறந்தது என்பதற்குப் பல்வங்கர் பாலுவின் வாழ்க்கை இருக்கிறது. ராமச்சந்திர குஹா 2002ல் எழுதிய ‘எ கார்னர் ஆஃப் எ ஃபாரின் ஃபீல்டு’ அவரைத் திரும்பவும் பேச்சுக்குக் கொண்டுவந்தது. தலித் குடும்பத்தில் பிறந்தவர். பூனாவில் வெள்ளைக்காரர்களின் கிளப்பில் மைதான வேலை செய்தபடியே வலைப் பயிற்சியில் அவர்களுக்குப் பந்து வீசி வீசி, இடக்கைச் சுழற்பந்தில் பெரிய ஆளானவர். பூனா இந்துக்கள் அவரைத் தங்கள் டீமுக்கு அழைத்தார்கள், ஏனென்றால் வெள்ளைக்காரர்களைத் தோற்கடிக்க வேண்டும். களத்தில் எல்லாரும் தொட்ட அதே பந்தை அவரும் தொட்டார். தேநீர் இடைவேளையில் அவருக்கு மட்டும் வெளியே, மண் குவளையில். 1911ல் இங்கிலாந்து போன இந்திய அணியில் 114 விக்கெட் எடுத்தார். அதைவிடப் பெரிய ஸ்கோர் புத்தகம் யாரிடம் இருக்கிறது? ஆனாலும் பம்பாய் நாற்கோணப் போட்டிகளில் இந்துக்கள் அணிக்கு அவரைக் கேப்டன் ஆக்கவே இல்லை. 1920ல் அவர் தம்பி விட்டலுக்கும் அது மறுக்கப்பட்டபோது சகோதரர்கள் ஆட மறுத்து விலகி நின்றார்கள். 1923ல் விட்டல் கேப்டன் ஆனார், அணி ஜெயித்தது.

மேற்கிந்தியத் தீவுகளிலும் இதே கதைதான். கறுப்பர்கள் மட்டை பிடிக்கலாம், பந்து வீசலாம். கேப்டன் மட்டும் வெள்ளையர். ஃபிராங்க் வொரலைக் கேப்டன் ஆக்கச் சொல்லி சி.எல்.ஆர். ஜேம்ஸ் தன் பத்திரிகையில் ஓர் இயக்கமே நடத்த வேண்டியிருந்தது. 1960-61 ஆஸ்திரேலியப் பயணத்தில்தான் ஒரு முழுத் தொடருக்கு ஒரு கறுப்பர் கேப்டனாகப் போனார். டாஸ் போடும் காசு அவ்வளவு கனமானது.

எங்கள் மாவட்டத்துக்கும் ஒரு திறமைக் கதை உண்டு. மொறப்பாக்கத்தில் பிறந்த எம்.ஜே. கோபாலன். 1934ல் ரஞ்சிக் கோப்பையின் முதல் ஆட்டத்தில், முதல் பந்தை வீசியவர் அவர்தான். அவரைக் கண்டெடுத்து பர்மா ஷெல்லில் வேலைக்கு வழிசெய்தவர் ஜான்ஸ்டன், அந்த ஆட்டத்தில் மதராஸ் கேப்டன். நல்ல கதை, பையன்களிடம் நானே பலமுறை சொல்லியிருக்கிறேன். ஆனால் பொழுது விடிந்தால் எங்கள் கிரவுண்டில் நிற்பவர்களில் கோபாலன் யாரும் இல்லை. எல்லாருமே சுமார். நானும் சுமார். கீழ்மட்ட கிரிக்கெட் என்பதே சுமாரானவர்களின் ஆட்டம்தானே. அங்கே வந்து ‘திறமை இருந்தால் சாதி ஒன்றும் செய்யாது’ என்று ஒரு படம் சொன்னால், திறமை இல்லாதவனை என்ன செய்யும் என்று கேட்கத் தோன்றாதா?

இதற்குப் பக்கத்தில் ‘சென்னை 600028’ஐ (2007) வைத்துப் பார்க்கிறேன். வெங்கட் பிரபுவின் ஷார்க்ஸ் டீமில் யாரும் மேதை இல்லை. சின்னப் பசங்களிடம் தோற்று அவமானப்படுகிற டீம் அது. அந்தத் தோல்வியை இத்தனை வருஷமாகத் தமிழ்நாடு கொண்டாடுகிறது என்றால் காரணம் இருக்கிறது, சுமாராக ஆடுகிறவனின் சந்தோஷம் அதற்குமுன் திரையில் வந்ததே இல்லை. எதிர் டீமான ராக்கர்ஸிலிருந்து ரகு வீடு மாறி வருகிறான், அவனைச் சேர்ப்பதா என்ற சிக்கலும் வருகிறது. ஆனால் அது ஏரியாச் சிக்கல். நட்பால் தீர்ந்துவிடும். விசாலாட்சி தோட்டமும் ராயபுரமும் இருக்கிற அந்தச் சென்னையில் சாதி என்ற சொல்லுக்கு ஃபீல்டிங் பொசிஷனே கிடையாது. பதினேழு வருஷம் கழித்து ‘லப்பர் பந்து’ அந்தச் சொல்லை மைதானத்துக்குள் கொண்டுவந்தது, ஆனால் கொண்டுவரும்போது சுமாரானவனை வெளியே விட்டுவிட்டது. ஒரு படத்தில் சாதி இல்லாத சாமானியர்கள், இன்னொன்றில் சாதியும் மேதையும். சாதியும் இருக்கிற, சுமாராகவும் ஆடுகிற ஒருவனின் படம் இன்னும் எடுக்கப்படவில்லை.

அப்படி ஒருத்தனை எனக்குத் தெரியும் என்பதால்தான் இவ்வளவு நீட்டுகிறேன்.

போன சீசன் ஆரம்பத்தில் எங்களிடம் வேகமாகப் போடுகிற ஆள் இல்லை. காலனியில் ஒரு இடக்கைப் பையன், நல்ல வேகம், யார்க்கர் கால் கட்டைவிரலைத் தேடி வரும். நான் ஊர்த்தெருக்காரன். போய்க் கேட்டேன். “நான் மட்டும்னா வரலண்ணா. இவனும் வரணும்” என்று பக்கத்தில் நின்றவனைக் காட்டினான். அந்தப் பக்கத்து ஆள் சுமார். கட்டை போடுவான், ஓடுவான், கேட்ச் பாதிக்குப் பாதி.

பவுலரை டீம் ஒரு மணி நேரத்தில் ஏற்றுக்கொண்டது. வாட்ஸ்அப் குழுவில் நெருப்புப் படங்களாகப் போட்டார்கள். இரண்டாவது ஆளுக்கு ஒரு வாரம் பஞ்சாயத்து. யாரும் கெட்ட வார்த்தை எதுவும் சொல்லவில்லை, அப்படிச் சொல்கிற பையன்கள் இல்லை அவர்கள். “டீம் வீக் ஆயிடும்ணா” என்றார்கள். சரி, கணக்குப் பார்ப்போம் என்றேன். ஏற்கெனவே எங்கள் பட்டியலில் இருந்த ஒருத்தன் டீமுக்கே நல்ல மட்டை அவனுடையது என்பதால் இருந்தான். இன்னொருத்தன் ஜெர்சிக்குக் காசு கொடுத்தவரின் தங்கை மகன். இருவரும் சேர்ந்து முந்தைய சீசனில் அடித்தது ஒரு ஓவருக்குத் தாங்காது. டீம் அப்போதெல்லாம் வீக் ஆகவில்லை. நான் பதினோராவது பெயராக அவனை எழுதினேன். ஒருத்தன் குழுவிலிருந்து ‘லெஃப்ட்’ ஆனான். மார்ச்சில் திரும்பி வந்தான், வேறு எந்த டீமும் அவனைக் கூப்பிடவில்லை.

முதல் இரண்டு வாரம் பதினோராவது ஆள் வீட்டிலிருந்து தண்ணீர் பாட்டில் கொண்டுவந்தான். யாரும் கொண்டுவரச் சொல்லவில்லை, கொண்டுவராதே என்றும் சொல்லவில்லை. மூன்றாவது வாரம் பாட்டில் இல்லை, கேனிலிருந்து குடித்தான். படித்தவர்களுக்கு இது சின்ன விஷயமாகத் தெரியலாம். நான் மிட் ஆஃபில் நின்று அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், அந்த ஓவரில் என்ன நடந்தது என்று ஞாபகமில்லை.

சித்திரையில் ஒரு டோர்னமென்டில் கால் இறுதி வரை போனோம். லாங் ஆனில் அவன் ஒரு கேட்சை விட்டான். அதே ஆட்டத்தில் எங்கள் கீப்பர் இரண்டு ஸ்டம்பிங் விட்டார், மட்டைக்காரர் ரன் அவுட் ஆக்கி ஒருத்தனை அனுப்பினார். தோற்றோம். சாயங்காலம் டீக்கடையில் பேச்சு முழுக்க அந்தக் கேட்ச். ஸ்டம்பிங்கைப் பற்றி எவனும் வாயைத் திறக்கவில்லை. பவுலரின் நாலு விக்கெட்டைப் பற்றி எல்லாரும் பேசினார்கள், அன்பைப் பற்றித் தியேட்டரில் பேசியதுபோலவே. அடுத்த ஞாயிற்றுக்கிழமைப் பட்டியலைச் சனிக்கிழமை ராத்திரி வழக்கம்போல அனுப்பினேன், பதினோராவது பெயரோடு. ‘ஓகே’ என்று பத்து பேர் கட்டைவிரல் போட்டார்கள், கீப்பர் மட்டும் காலையில் போட்டார். சீசன் முடிவில் ஜெயித்ததைவிடத் தோற்றது அதிகம், அது எல்லா வருஷமும் அப்படித்தான்.

இந்தப் பொங்கலுக்கு அவன் வீட்டுக்கு வந்தான். கரும்பு கடித்துக்கொண்டே, “அண்ணா, இந்த வாட்டி என்னை ஓப்பனிங் இறக்குங்க” என்றான்.

“எந்த இன்னிங்ஸ் பாத்துடா இந்த முடிவுக்கு வந்த?”

“போன வருஷம் ஓப்பனிங் இறங்குனவரு மட்டும் என்னாத்த அடிச்சாரு?”

போன வருஷம் ஓப்பனிங் இறங்கியது நான்.